ஆடிக்காற்றில் யூரியா: எல்லைத் தோப்புக்காரர்களுக்கு ஓர் உர வழிகாட்டி

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு மேற்கே தோப்பு, கிழக்கே உரக்கடை என்று பிழைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், எருத்தேம்பதி எல்லாம் கேரளத்து ஊர்கள். வீட்டில் பேசுவது தமிழ், தேங்காய் போவது பொள்ளாச்சி மண்டிக்கு. பட்டா ஒரு மாநிலத்திலும் பாசனம் இன்னொரு மாநிலத்திலும் இருந்து வருவதால், யாருடைய பரிந்துரையைக் கேட்பது என்ற குழப்பம் எப்போதும் உண்டு. உர விஷயத்தில் அந்தக் குழப்பம் தேவையில்லை. காய்க்கும் தென்னைக்கு வருடத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 560 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 320 கிராம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) 1,200 கிராம் என்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். நன்கு பராமரிக்கும் தோப்புக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது 500, 320, 1,200. எல்லைக்கு இரண்டு பக்கமும் மரம் ஒன்றேதான்.

இரண்டு பக்கமும் உரம் வீணாவதும் ஒரே மாதிரிதான். அந்த விரயத்தை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. உர ஆலைகள் மாற வேண்டியதைப் பற்றியும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஆலை மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை என்பது என் கட்சி. ஏன் என்பதற்கு முதலில் ஒரு கணக்கு.

ஒரு மூட்டைக்குள் என்ன இருக்கிறது

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது சுமார் 20.7 கிலோ. அதைத் தயாரிக்க ஏறத்தாழ 26 கிலோ அமோனியா வேண்டும். இயற்கை எரிவாயுவை உடைத்து ஹைட்ரஜன் எடுத்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு பெரும் அழுத்தத்தில் சேர்த்தால் அமோனியா. வேதியியலாளர் ஹேபர் ஆய்வகத்தில் கண்டதை பொறியாளர் போஷ் ஆலைக்குக் கொண்டுவந்து 1913-ல் ஜெர்மனியில் முதல் தொழிற்சாலை ஓடியது. அடிப்படை இன்றும் அதேதான். மூட்டைக்கு ஏறத்தாழ 50 கிலோ கார்பன் டை ஆக்சைடு இந்த வேலையில் உண்டாகிறது. அதில் 33 கிலோ யூரியாவுக்குள்ளேயே கட்டுண்டு, மண்ணில் யூரியா கரையும்போது வெளியே வருகிறது.

இது ஆலைக் கணக்கு. இனி நம் தோப்புக் கணக்கு. மண்ணில் போட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது என்று உலக அளவில் தோராயமாக எடுத்துக்கொள்கிறார்கள். மிகச் சிறிய அளவுதான். ஆனால் அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பெருக்கிப் பார்த்தால் மூட்டைக்கு ஏறத்தாழ 90 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆலைப் புகைபோக்கியை விட மரத்தைச் சுற்றி நாம் எடுக்கும் வட்டப்பாத்தி பெரிய புகைபோக்கி! வீணாகும் ஒவ்வொரு கிலோவும் இரண்டு இடத்திலும் எரிந்த கிலோ.

7.5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு 1.3 கிலோ யூரியா என்றால் 91 கிலோ, அதாவது இரண்டு மூட்டை. மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் 'இருக்கட்டும், இன்னொரு மூட்டை' என்று கை நீள்கிறது. அந்த விலை அரசு மானியத்தால் வந்தது. உண்மை விலையில் கிடைத்திருந்தால் நம்மில் பலர் தராசு வைத்துப் போட்டிருப்போம்.

முதல் படி: மண்ணைக் கேளுங்கள்

மண் பரிசோதனை என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் வட்டாரத்தில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. கேரளம் என்றாலே புளிப்பு மண், சுண்ணாம்பு போடு என்பார்கள். ஆனால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் கரிசலும் சுண்ணாம்பு கலந்த மண்ணும் உண்டு. அங்கே பி.எச். ஏழுக்கு மேலே, அதாவது காரப் பக்கம் நிற்கும். அந்த மண்ணில் சுண்ணாம்பு போடுவது காசைக் கொட்டுவது மட்டுமல்ல, கெடுதலும்கூட. நான்கு கிலோமீட்டர் மேற்கே போனால் செம்மண், கதையே வேறு. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து உரம் வாங்காதீர்கள்.

தென்னைக்கு மாதிரி எடுக்கும் முறை நெல்லுக்கு எடுப்பது போல அல்ல. நெல் வயலில் 15 செ.மீ. ஆழம் போதும். தென்னையில் தண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வட்டப்பாத்திக்குள், 30, 60, 90 செ.மீ. என்று மூன்று ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஏக்கருக்கு ஏழெட்டு மரத்தடியில் எடுத்து, அந்தந்த ஆழத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்துங்கள். எருக்குழி ஓரம், வரப்பு, வாய்க்கால் கரை வேண்டாம். உரம் போட்டு மூன்று மாதம் ஆகாத பாத்தியும் வேண்டாம். துணிப்பையில் போட்டு, சர்வே எண், ஆழம், தேதி எழுதுங்கள். கொடுக்க வேண்டிய இடம், நிலம் கேரளப் பக்கம் என்றால் பஞ்சாயத்துக் கிருஷி பவன், தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம்.

அட்டை வந்ததும் முதலில் மணிச்சத்து எண்ணைப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக மணிச்சத்து மிகுந்த டிஏபி உரம் போட்டு வந்த தோப்பில் அது தேங்கி நிற்பது சகஜம். 'அதிகம்' என்று வந்தால் அந்த வருடம் சூப்பர் பாஸ்பேட்டைப் பாதியாக்கவோ நிறுத்தவோ அலுவலரிடம் கேளுங்கள். பாறை பாஸ்பேட் பெரும்பாலும் மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிற சரக்கு. மண்ணிலேயே கிடப்பதைத் திரும்ப வாங்குவானேன்? மெக்னீசியமும் போரானும் குறைவாக இருந்தால் மரத்துக்கு மெக்னீசியம் சல்பேட் 500 கிராம், போராக்ஸ் 50 கிராம். குருத்தோலை மடங்கிச் சுருங்கி வருவதைப் பார்த்து யூரியா கூட்டுகிறவர்கள் உண்டு. பல சமயம் குறை போரான்.

இரண்டாம் படி: மட்டையை விற்று பொட்டாஷ் வாங்குகிற வியாபாரம்

எனக்கு எப்போதும் புரியாத வியாபாரம் இது. தென்னை அதிகம் உண்பது சாம்பல்சத்து. அதில் பெரும் பங்கு தேங்காய் மட்டைக்குள் போய் உட்காருகிறது. மட்டையை நார் மில்லுக்கு லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். பிறகு கனடாவிலோ ரஷ்யாவிலோ வெட்டி எடுத்த பொட்டாஷை மூட்டையாக வாங்கி வந்து அதே மரத்தடியில் கொட்டுகிறோம். இந்தியாவில் வணிக அளவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. எல்லாம் இறக்குமதி.

மொத்த மட்டையையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, மட்டைக்காசு பலருக்கு வெட்டுக்கூலி. ஆண்டுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்துக்கு வட்டக் குழி எடுத்து, மட்டைகளைக் குழிந்த பக்கம் வானம் பார்க்க அடுக்கி மண் மூடுங்கள். மரத்துக்கு நூறு மட்டை போதும். மட்டை தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீர் பிடிக்கும். பலன் ஐந்து முதல் ஏழு வருடம் நிற்கும். கரையான் பயம் நியாயமானது. காய்ந்த பருவத்தில் புதைத்துவிட்டுத் தண்ணீர் காட்டாமல் விட்டால் வரும். மழைக்கு முன்னால் புதைத்தால் அவ்வளவு தொந்தரவு இல்லை.

மில்லுக்குப் போன மட்டையிலும் முழுதாகக் கைகழுவ வேண்டாம். நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள், நாம் பித்து என்று சொல்வது, பொள்ளாச்சி வட்டாரத்துக்குப் பெரிய தலைவலி. உப்பு போகக் கழுவுகிற தண்ணீர் கிணறுகளில் இறங்குவது பற்றி வருகிற புகார் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூளைப் பச்சையாகத் தோப்பில் கொட்டினால் மரம் பழுத்துவிடும். அதில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1. அதை மட்கவைக்க நுண்ணுயிர் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தின்றுவிடும். மட்கவைத்துப் போட்டால் அதே தூள் நல்ல எரு.

கோவைப் பல்கலைக்கழகத்து முறை எளிது. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து 5 புட்டி. நிழலான, தண்ணீர் தேங்காத மேட்டில் 100 கிலோ தூளைப் பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள். அதன் மேல் 100 கிலோ தூள், ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. இரண்டு மாதத்தில் கறுத்து, கனம் குறைந்து, மண்வாசம் வரும். அப்போது விகிதம் 24-க்கு 1 என்று இறங்கியிருக்கும். தழைச்சத்து 0.26 சதவீதத்திலிருந்து 1.06 ஆகவும், சாம்பல்சத்து 0.78-லிருந்து 1.20 ஆகவும் ஏறியிருக்கும். கறுத்துவிட்டது என்று ஒரு மாதத்திலேயே அள்ளாதீர்கள். நான் அள்ளினேன். அந்த வரிசையில் ஓலை வெளுத்து, ஆறு மாதம் பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றாம் படி: பாத்தியிலேயே தழைச்சத்து விளைவிப்பது

கொழிஞ்சாம்பாறை என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் கொழிஞ்சி ஞாபகம் வரும். காட்டுச்செடி என்று பிடுங்கி எறிகிற அது நல்ல பசுந்தாள் உரம், வறண்ட மண்ணிலும் வரும். மழை தொடங்கும்போது ஒவ்வொரு வட்டப்பாத்தியிலும் 50 கிராம் சணப்பையோ கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ விதையுங்கள். பூ எடுக்கும் முன் கொத்தி மண்ணில் மடக்க வேண்டும். பூத்த பிறகு தண்டு முற்றிவிடும், மட்க நாளாகும். பாத்திக்கு 20 கிலோ பச்சை இலை கிடைத்தால் சுமார் 100 கிராம் தழைச்சத்து, அதாவது 200 கிராம் யூரியாவுக்குக் கொஞ்சம் மேல். 70 மரத்துக்குக் கணக்கிட்டால் மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய எண் இல்லைதான். ஆனால் இதற்கு எரிவாயு எரியவில்லை. வேலிக்குச் சீமைக்கொன்னை நட்டு வருடத்துக்கு இரண்டு முறை கழித்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் சேரும்.

தொழு எரு மரத்துக்கு 50 கிலோ என்பது கோவைப் பரிந்துரை எதிர்பார்க்கிற அடிப்படை. சாணத்தை வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்டால் அதிலுள்ள தழைச்சத்தும் பறக்கும், கரையும். குழிக்கு மேல் ஓலைக் கூரை ஒன்று போதும். மாட்டு மூத்திரம் வடிந்து குழிக்குள் இறங்குகிற மாதிரி சாய்வு வைத்தால் அது இன்னொரு பாதி மூட்டை. சாணஎரிவாயுக் கலன் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், கழிவுக் குழம்பு நேரே பாத்திக்குப் போகலாம்.

உயிர் உரங்களில் அசோஸ்பைரில்லம் 50 கிராம், பாஸ்போபாக்டீரியா 50 கிராம், வேர் உட்பூசணம் 50 கிராம் என்று எருவில் கலந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேர்ப் பகுதியில் இடலாம். ரசாயன உரத்தோடு ஒரே நாளில் கலந்து போட்டால் செத்துவிடும், அதனால் இடைவெளி விடுங்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மண்ணின் உயிர்களுக்கு அவை தீனி. ஆனால் அவை மட்டும் 1,200 கிராம் சாம்பல்சத்தைக் கொடுத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

புட்டியில் திரவமாக வருகிற நானோ யூரியாவும் இதே ரகம். முதலில் வந்த அரை லிட்டர் புட்டியில் 4 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிராம். மூட்டையில் 20.7 கிலோ. இலையில் தெளிப்பதற்கு ஒரு பயன் இருக்கலாம். ஒரு மூட்டைக்கு ஒரு புட்டி ஈடு என்பது எனக்குச் செரிக்கவில்லை.

நான்காம் படி: காற்றோடு போகாமல் பிடிப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

யூரியா மண்ணில் பட்டதும் யூரியேஸ் என்ற நொதி அதைச் சில நாட்களில் அமோனியாவாக உடைக்கிறது. மேல்மண்ணில் கிடந்தால் அந்த அமோனியா வாயுவாகப் பறக்கும். பறப்பதைக் கூட்டுவன மூன்று: கார மண், வெயில், காற்று. எங்கள் வட்டாரத்தில் மூன்றும் ஒன்றாகக் கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் தவணை உரம் ஜூன், ஜூலை என்பது பரிந்துரை. அதாவது சரியாக அந்தக் காற்றுக்குள்.

உரக்கடைத் திண்ணையில் ஒரு தோப்புக்காரர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்ண்ணா, காத்து நிக்கட்டும்னு இருந்தா பட்டம் போயிருமேங்க?" போகாது. நாளை மாற்ற வேண்டாம், விதத்தை மாற்றினால் போதும்.

தண்டிலிருந்து 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி. முந்தின நாளே லேசாகத் தண்ணீர் காட்டி மண்ணைப் பதமாக்குங்கள். யூரியாவையும் பொட்டாஷையும் பாத்தி முழுவதும் தூவாமல், தண்டுக்கு அருகே அரை மீட்டர் விட்டு மீதி வளையத்தில் போட்டு, உடனே முள்கொத்தால் 10 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தி மூடுங்கள். மேலே ஓலை மூடாக்கு. அன்று மாலையே அளவான தண்ணீர். காலையில் ஆள் விட்டுத் தூவச் சொல்லிவிட்டு, நாளைக்குக் கரண்ட் வந்தால் தண்ணீர் விடுவோம் என்று இருந்தால் பாதிப் பலன் போச்சு. கரண்ட் உறுதியாக வரும் நாளில்தான் மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே, பறக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. 2015 முதல் உள்நாட்டு யூரியா எல்லாம் வேம்பு பூசியதுதான். வேம்பு செய்யும் வேலை வேறு. அமோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தி, தண்ணீரோடு கீழே இறங்குவதைக் குறைக்கும். காற்றில் போவதைத் தடுப்பது மண்வெட்டியும் தண்ணீரும்தான்.

கனமழை எச்சரிக்கை உள்ள நாளிலும் வேண்டாம். ஆனைமலை வயல்களில் கரைகிற யூரியா ஆழியாற்றில் இறங்கி, மணக்கடவு அணை தாண்டி, சித்தூர்ப் புழையாகி பாரதப்புழையில் சேர்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும். எத்தனை கிலோ நைட்ரேட் தருகிறோம் என்பதை எந்த ஒப்பந்தமும் எழுதவில்லை. தோப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வீடென்றால் வருடம் ஒரு முறை நைட்ரேட் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் கூடாது.

சொட்டுநீர் இருந்தால் வேலை சுலபம். மாதம் ஒரு முறை யூரியாவையும் பொட்டாஷையும் கரைத்து விடும்போது முழு அளவில் 75 சதவீதமே போதும் என்பது கோவைப் பரிந்துரை. ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா மிச்சம். சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் பாத்தியில் கொத்தி இடுங்கள். குழாயில் விட்டால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.

நெல் போடுகிறவர்களுக்கு

சுருக்கமாக. நாள் கணக்குப் பார்த்து யூரியா போடுவதை விடுங்கள், வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டையைப் பாருங்கள். நட்ட 14-ம் நாள் தொடங்கி வாரம் ஒரு முறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே, நோயில்லாத பத்துக் குத்தில் மேலே முழுதாக விரிந்த இலையை, உங்கள் நிழல் விழும்படி நின்று அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஆறோ அதற்கு மேலோ நான்காம் பச்சையை விட வெளுத்திருந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் பச்சை) ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா. இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள். நீரை வடித்துவிட்டுத் தூவி, மறுநாள் கட்டுங்கள். பயிர் கருகரு என்று இருந்தால் பார்க்க அழகு. புகையான் பூச்சிக்கும் அதுதான் அழகு.

ஆலைப் பக்கம் என்ன மாறலாம்

ஆலுவா அருகே உத்யோகமண்டலில் 1947-ல் ஃபேக்ட் ஆலை உற்பத்தி தொடங்கியபோது, அமோனியாவுக்கான ஹைட்ரஜன் விறகை வாயுவாக்கித்தான் கிடைத்தது. காட்டு மரத்தை எரித்து வயலுக்கு உரம்! பிறகு கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற நாப்தா, இப்போது இயற்கை எரிவாயு. தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. நாப்தாவிலிருந்து எரிவாயுவுக்கு மாறியதில் புகை குறைந்திருக்கிறது.

அடுத்து வருவது பசுமை அமோனியா. காற்றாலை, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்று 2023-ல் மத்திய அரசு தேசிய இயக்கம் தொடங்கியது. கிலோ அமோனியாவுக்குச் சுமார் 10 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு மூட்டை யூரியாவுக்கு 250 யூனிட்டுக்கு மேல். நம் அமோனியாவைப் பறித்துக்கொண்டு போகிற கணவாய்க் காற்றுதான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிறது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இதில் ஒரு சிக்கலை யாரும் அதிகம் பேசுவதில்லை. யூரியா செய்ய அமோனியா மட்டும் போதாது, கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். இப்போது அது எரிவாயுவிலிருந்தே கூடவே கிடைக்கிறது. தண்ணீரிலிருந்து எடுத்த ஹைட்ரஜனில் கரி இல்லை. அதனால் பசுமை அமோனியா முதலில் பொருந்துவது அமோனியம் சல்பேட்டுக்கும், டிஏபி, 20-20-0-13 போன்ற கலப்பு உரங்களுக்கும்தான். அமோனியம் சல்பேட் தழைச்சத்தோடு கந்தகமும் தரும். எங்கள் கரிசல் ஓரத்துக்கு அது இரட்டை லாபம். யூரியாவுக்குக் கொட்டுகிற மானியத்தில் ஒரு பங்கை அதன் பக்கம் திருப்பினால் என்ன என்று உழவர் கூட்டங்களில் கேட்க வேண்டிய கேள்வி இது.

குறைத்தால் காய் குறையுமா

இந்தப் பயத்துக்குச் சொல்லில் மருந்து கிடையாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். தென்னையில் அவசரப்பட முடியாது. பாளைக்கான மொட்டு மரத்துக்குள் உருவாகிக் காய் முற்றி இறங்க மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். இந்த ஆடியில் செய்த மாற்றத்தை அடுத்த ஆடி வெட்டில் தேடினால் மழையின் பலனைத்தான் காண்பீர்கள்.

ஒரே மண், ஒரே வயது, ஒரே ரகத்தில் இருபது மரம் எடுங்கள். பத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை, பத்துக்குக் காவி. வெள்ளைக்குப் பழைய முறை, காவிக்குப் புதிய முறை. வாடல் நோய் பிடித்த மரத்தை இரண்டிலும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் மரமேறுகிறவரிடம் சொல்லி இரண்டு குவியலாகப் போடச் சொல்லுங்கள். காய் எண்ணிக்கை, போட்ட உரக் கிலோ, தேதி, அன்று காற்றா மழையா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான்காவது வருட நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் வருடத்துக்கு எத்தனை மூட்டை என்று முடிவு செய்யலாம்.